சென்சாருக்கு அடியில் வைத்த வளையம்

கறுப்பு பிளாஸ்டிக். ஒரு விரல் பருமன். நடுவில் ஓட்டை, இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போக இரண்டு சின்ன ஓட்டை. அவ்வளவுதான் அந்த வளையம். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆறவில்லை.

முதலில் எங்கள் ஸ்டாண்டு சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக இவனுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள்.

காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்துச் சந்தில்தான் ஸ்டாண்டு. பிக்கப் வண்டிகள் மட்டும். லோடு வரவர வரிசைப்படி எடுக்க வேண்டும். புது ஆள் சுலபமாக உள்ளே வர முடியாது. ஒருத்தன் போனால்தான் இன்னொருத்தன். நான் வெளியே ரோட்டோரம் வருஷக்கணக்கில் நின்றேன். எவனும் தொடாத லோடெல்லாம் அடித்தேன். கருவாட்டுக் கழிவு, தோல், நாறின வலை, எல்லாம். அப்புறம்தான் இடம் கொடுத்தார்கள். குடியிருந்தது வாடகை வீடு. வண்டி பேங்க்காரனுடையது. அந்த இடம் மட்டும்தான் என்னுடையது.

சட்டம் ஒன்றுதான். ஏற்றின வண்டிதான் இறக்க வேண்டும். ஐஸ் லோடு அப்படிப்பட்டது. நடுரோட்டில் நின்று வேறு வண்டிக்கு மாற்றினால் பாதி தண்ணீராகிவிடும், ஸ்டாண்டுக்கே பெயர் கெட்டுவிடும். ஒரு தடவை லோடு மாற்றினால் தலைவர் திட்டுவார். மறு தடவை மாற்றினால் இடம் போச்சு. அந்த லோடை எந்த வண்டிக்காரன் காப்பாற்றி இறக்குகிறானோ, அவன் கை காட்டுகிற ஆளுக்கு அந்த இடம் போகும்.

எனக்கு ஒரு தடவை ஆகிவிட்டிருந்தது. பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில். கிளட்ச் போய்விட்டது. பின்னால் பஸ், லாரி, எல்லாரும் ஹார்ன். ஸ்டாண்டிலிருந்து வேறு வண்டி வந்து ஐஸை மாற்றிக்கொண்டு போனது. கிளட்சை மாற்றினேன். ஆனாலும் அன்றிலிருந்து ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பெயர் ‘ஆஸ்துமா’. லோடு ஏறும்போதே எவனாவது ஒருத்தன் இருமிக் காட்டுவான். பல்லைக் கடித்துக்கொண்டு தார்ப்பாய் கட்டுவேன்.

எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட சமயம் அது. டீசல் வண்டியிலும் கம்ப்யூட்டர் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் வாங்கினது செகண்ட் ஹேண்ட் என்றாலும் அந்த மாதிரி வண்டிதான். பழைய வண்டியில் எது கெட்டாலும் சத்தம் வரும். இதில் ஒரு மஞ்சள் லைட் எரியும். எதற்கு எரிகிறது என்று அதற்கே தெரியாது.

என் மச்சான், அதாவது என் பெண்சாதியின் தம்பி, கார் சீட் கவர், ஹார்ன், ஸ்டிக்கர் விற்கிற கடையில் வேலை. அவன்தான் ஒருநாள் ராத்திரிச் சோற்றுக்கு வந்தபோது அந்த வளையத்தைக் கொண்டு வந்தான்.

"மாமா, ஃபாரின் அயிட்டம். ஸ்பேசர். பசங்க கார்ல போட்டுகினு பறக்கறானுங்க."

"இன்னா பண்ணும் இது?"

"காத்து இழுக்கற பைப்பு மேல சென்சார் கீதில்ல? அது இஞ்சின் சூட்டுல வெந்துபூடுது. காத்தே சூடா கீதுன்னு கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லுது. அது டீசலைக் கொறச்சிடுது. நடுவுல இத்த வெச்சி சென்சாரைத் தூக்கிட்டா சூடு ஏறாது. அப்பறம் பாரு. பிரிட்ஜு மேல பிச்சிகினு போவும்."

"எனக்கு வாணாம்."

"இன்னா மாமா நீ. வண்டிய ஆஸ்துமான்றானுங்க. கேட்டுகினு கீறியே, சூடு சொரணை இல்லியா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவன் அக்கா என் கையைப் பிடித்தாள். "அவன் நல்லதுக்குத்தான சொல்றான்" என்றாள். அவளுக்குத் தம்பி எது சொன்னாலும் நல்லதுதான். அவன் ஒருதரம் எங்கள் வீட்டு மிக்சியை ரிப்பேர் செய்தான். அன்றிலிருந்து சட்னி அம்மியில்தான்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, வாசலில் நிறுத்தி, முன்னால் வாழைக்கன்று கட்டினேன். பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். கூட்டம். திரும்பி வந்தபோது பானெட் திறந்து கிடந்தது. மச்சான் உள்ளே குனிந்துகொண்டிருந்தான்.

"இன்னாடா பண்ற?"

"நல்ல நாளு மாமா. இன்னிக்குப் போட்டா நிக்கும்."

சென்சாரைக் கழற்றி முறத்தில் வைத்திருந்தான். முறத்தில் ஸ்பேனர், ஜாக்கி ராடு, ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாம் பூஜைக்கு வரிசையாகக் கிடந்தது. அந்த வளையமும் அதோடு. அவள் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

நான் கத்தினேன். யாரைக் கேட்டு வண்டியில் கை வைத்தாய் என்று கேட்டேன். தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பூஜை நாள்ல வாய வுடாத" என்றாள் அவள். "கயட்டினது கயட்டியாச்சு. மாட்டட்டும். புடிக்கலன்னா நாளைக்கு எடுத்துடு."

பூசணிக்காயைத் தரையில் வைத்துவிட்டுப் படிமேல் போய் உட்கார்ந்தேன். அவன் வேலை செய்கிற அழகைப் பார்த்தேன். கம்பெனி ஸ்க்ரூ இரண்டும் கட்டை. தலையில் ஆறு மூலைப் பள்ளம். அதற்கு ஏற்ற சாவி அவனிடம் இல்லை. பிளேயரால் கடித்துத்தான் திருகியிருக்கிறான். தலை இரண்டும் சிதைந்திருந்தது. வளையத்தோடு வந்தது நீள ஸ்க்ரூ. சாதா ஸ்க்ரூடிரைவர் போதும். பைப்பின் மேல் வளையம், வளையத்தின் மேல் சென்சார், நடுவில் ரப்பர். நீள ஸ்க்ரூவை விட்டு முறுக்கினான். ஒயரை மாட்டினான். கட்டை ஸ்க்ரூவை என்ன செய்தான் என்று அப்போது நான் பார்க்கவில்லை.

வண்டிக்குக் கற்பூரம் காட்டினோம். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினோம். மச்சான் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"பாத்தியா மாமா? பறக்குது."

காலி வண்டி சந்துக்குள் பறக்காமல் என்ன செய்யும்.

மறுநாள் காலையில் முதல் லோடே எனக்கு. எண்ணூர்க் குப்பத்து மீன்பிடி போட்டுகளுக்கு ஐஸ். நீளக் கட்டிகளைப் பார் பாராக ஏற்றி, மேலே கோணி போட்டு, தார்ப்பாய் கட்டினேன். தண்ணீர் ஏறியிருக்கும்போதே போட்டு முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். வற்றிவிட்டால் அடிமண்ணில் தட்டும். அதனால் ஐஸுக்கு நேரம் உண்டு.

திருவொற்றியூர் தாண்டும்வரை நெரிசலில் மெல்லத்தான் போனேன், ஒன்றும் தெரியவில்லை. கடலோர ரோட்டில் ஏறினதும் இழுவை குறைந்தது. மிதித்தேன். மிதி கீழே போகிறது, வண்டி போகவில்லை. மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. மஞ்சள் லைட் எரிந்தது. வலது பக்கம் ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் கண்டெயினர் லாரிகள் மைல் கணக்கில். டிரைவர்கள் கீழே இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள், சமைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் ஊர்ந்தேன். இஞ்சின் உதறி நின்றுவிட்டது. திரும்பப் போட்டால் பிடிக்கிறது, கியர் போட்டால் சாகிறது.

இடது பக்கம் ஓரங்கட்டினேன். பின்னால் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருந்தது.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மாமா! இன்னா, பறக்குதா?"

"நின்னுபூச்சுடா. எண்ணூர் ரோட்டுல. ஐஸோட."

"ஸ்பேசரால இருக்காது மாமா. டீசல் இன்னா டீசல் அடிச்ச?"

"ஒன் வளையத்த இப்பவே கயட்டி கடல்ல வீசப்போறேன். அந்தக் கட்ட ஸ்க்ரூ எங்க வெச்ச?"

"எந்த ஸ்க்ரூ?"

"கம்பெனி ஸ்க்ரூ. சின்னது. ரெண்டு."

"அதுவா. என் சட்டப் பாக்கெட்டுல கீது. இன்னாத்துக்கு?"

வாயில் வந்த வார்த்தையை எழுத முடியாது. ஆனால் அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய கடை, அவனுடைய சட்டை, அந்தப் பாக்கெட், எதையும் விடவில்லை. ஒரு கண்டெயினர் டிரைவர் பல் விளக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வளையத்தை எடுத்துவிட்டால் நீள ஸ்க்ரூ பாதியிலேயே முட்டி நின்றுவிடும். சென்சார் பிடிப்பில்லாமல் ஆடும். கட்டை ஸ்க்ரூ இருந்தால்தான் பழையபடி மாட்ட முடியும். அது ராயபுரத்தில் ஒரு சட்டைப் பாக்கெட்டில் கிடக்கிறது.

பானெட்டைத் தூக்கும்போது எதிரிலிருந்து ஒரு பிக்கப் வந்து நின்றது. எங்கள் ஸ்டாண்டுக்காரன். எண்ணூரில் காலையிலேயே இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறான். அவன் தம்பி ஒருத்தன் எங்கள் ஸ்டாண்டுக்கு வெளியே இடத்துக்காகக் காத்து நிற்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும்.

அவன் தலையை வெளியே நீட்டி இருமினான். ஆஸ்துமாக்காரன் மாதிரியே இழுத்து இழுத்து.

"இன்னா மாமு, மூச்சு நின்னுபூச்சா?"

"போய்கினே இரு."

"ஐஸு ஓடிகினு கீது மாமு, ரோட்டுல. என் வண்டி காலி. மாத்திக்கலாமா?"

"வாணாம்."

"ஒரு ஒதவிக்குத்தான் கேக்கறேன்."

"ஒன் ஒதவி எனக்குத் தெரியும்."

சிரித்தான். வண்டியைத் திருப்பி என் வண்டிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். பின்கதவை இறக்கிவிட்டான். அதன் மேலேயே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பீடி பற்ற வைத்தான். திறந்து வைத்த அந்தக் கதவை நான் மறக்கவே மாட்டேன்.

போன் அடித்தது. போட்டுக்காரர்.

"அண்ணே எங்க கீற? தண்ணி எறங்குது. இன்னும் கொஞ்ச நேரம் போனா முகத்துவாரத்துல மண்ணு தட்டும். ஒன் வண்டி முடியலன்னா வேற வண்டில ஏத்தி அனுப்புண்ணே. ஐஸு வந்தா போதும் எனக்கு."

"வர்றேன்" என்றேன். எப்படி வருவேன் என்று தெரியாமல்தான் சொன்னேன்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பழையபடி மாட்ட முடியாவிட்டாலும் கழற்றியாவது பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒயரைப் பிடுங்கினேன். நீள ஸ்க்ரூ இரண்டையும் கழற்றினேன். சென்சாரைப் பிடித்து இழுத்தேன். ரப்பர் இறுக்கத்தில் சத்தம் போட்டு வெளியே வந்தது.

சென்சார் ஒரு பிளாஸ்டிக் நாக்கு மாதிரி இருக்கும். நுனியில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் மயிர் மாதிரி ஒரு கம்பி. காற்று அதைத் தொட்டுக்கொண்டு போனால்தான் வண்டிக்குக் காற்று வருவது தெரியும்.

அந்த ஜன்னலில் சந்தனம். நடுவில் குங்குமம்.

காய்ந்து கெட்டியாகி ஜன்னலை அடைத்துக்கொண்டு நன்றாக உட்கார்ந்திருந்தது. சின்னப் பொட்டு. சுத்தமான வட்டம். அவள் மோதிர விரலால்தான் வைப்பாள். நிலைப்படிக்கு, தண்ணீர்க் குடத்துக்கு, என் வண்டிச் சாவிக்கு, எல்லாவற்றுக்கும் அதே வட்டம். எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். முறத்தில் கிடந்த எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஸ்பேனருக்கு வைத்தாள், ஜாக்கிக்கு வைத்தாள், இதற்கும் வைத்துவிட்டாள். அவள் தம்பி அதைப் பார்க்காமல் அப்படியே எடுத்து மாட்டிவிட்டான்.

வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

"இன்னா மாமு கையில?" பின்னால் அவன். கதவிலிருந்து குதித்து இறங்கி வந்துகொண்டிருந்தான்.

கையை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல."

"காட்டு, பாக்கறேன்."

"ஒன் வேலையைப் பாரு."

"இன்னாமோ மஞ்சளா தெரிஞ்சுது."

"கிட்ட வந்தன்னா மூஞ்சி இருக்காது."

நான் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அதனால் அவன் நின்றுவிட்டான். அவன் கண்ணில் அது பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லியிருப்பான். ஆஸ்துமா என்ற பெயர் போய் வண்டிக்குப் பொட்டு என்ற பெயர் வந்திருக்கும். என்னைச் சொன்னால் பரவாயில்லை. அவள் மீன் வாங்கப் போகும்போதெல்லாம் அவளைப் பார்த்து எவனாவது நெற்றியைத் தொட்டுக் காட்டுவான். அவள் கும்பிட்டு வைத்ததை அவர்கள் சிரிப்பாக்கிவிடுவார்கள்.

மூடின கையோடு வண்டியின் பின்பக்கம் போனேன். தார்ப்பாய் மூலையில் ஐஸ் தண்ணீர் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. சென்சாரை அதில் பிடித்தேன். அவனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். சந்தனம் ஊறி மெல்லக் கரைந்தது. கம்பி மேல் விரல் படாமல் பனியன் ஓரத்தை முறுக்கி ஒற்றி எடுத்தேன். குங்குமம் பனியனில் சிவப்பாக இறங்கியது. திரும்பத் தண்ணீரில் பிடித்தேன். திரும்ப ஒற்றினேன். எங்கள் சோற்றுக்கான ஐஸ் கரைந்து அதைக் கழுவிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பல்தான் வலித்தது, கடித்த கடியில்.

வெயிலில் பிடித்துக் காய வைத்தேன். ஊதினேன். அவன் அலுத்துப்போய், "மாமு, ஐஸு பாயாசமாப் பூடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

காய்ந்தது. மாட்ட வேண்டும். கட்டை ஸ்க்ரூ இல்லை. அதனால் அந்த வளையத்தை என் கையாலேயே திரும்ப எடுத்து வைத்தேன். கடலில் வீசுவேன் என்று சொன்ன வளையம். அதன் மேல் சென்சாரை உட்கார வைத்து நீள ஸ்க்ரூவை முறுக்கினேன். அன்றைக்கு நடந்ததிலேயே எனக்கு அதிகக் கோபம் அந்த நிமிஷத்தில்தான்.

சாவியைத் திருப்பினேன். பிடித்தது. கியர் போட்டேன். சாகவில்லை. மிதித்தேன். வண்டி போனது. கண்ணாடியில் பார்த்தேன். அவன் ரோட்டில் நின்று பின்கதவைத் தூக்கி மூடிக்கொண்டிருந்தான்.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஓரத்துப் பார்கள் இளைத்துப்போயிருந்தன. போட்டுக்காரர் முனகினார், ஆனால் எடுத்துக்கொண்டார். போட்டு முகத்துவாரத்தைத் தாண்டுகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்தேன். ஏற்றின வண்டியே இறக்கியது. என் இடம் போகவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் ஸ்டாண்டுக்கு வந்தால் மச்சான் அங்கே நிற்கிறான். கட்டை ஸ்க்ரூவைக் கொடுக்க வந்தானாம். அதற்குள் எண்ணூர் ரோட்டில் பார்த்தவன் கதையைச் சொல்லியிருக்கிறான். செத்த வண்டி, நான் எதையோ கழற்றினேன், திரும்ப மாட்டினேன், பிய்த்துக்கொண்டு போனேன் என்று.

"நான் சொன்னன்ல?" மச்சான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "ஸ்பேசர் கொஞ்சம் லூசா இருந்துகிது. மாமா டைட்டு பண்ணாரு. அப்பறம் பாத்தீங்களா, வண்டிய!"

"அப்டியா மாமு?" என்று தலைவரே கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவள்மேல் போய் விழும்.

"ஆமா" என்றேன்.

அந்த மாதத்தில் மச்சான் எங்கள் ஸ்டாண்டில் முக்கால்வாசிப் பேருக்கு வளையம் விற்றான். எண்ணூர் ரோட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனும் வாங்கினான். எந்த வண்டியும் முன்னைவிட ஒரு அடி அதிகமாக ஏறவில்லை. எல்லாரும் ஏறுகிறது என்றார்கள். என் முதுகில் தட்டிச் சொன்னார்கள்.

வீட்டில் அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "எந்தம்பி போட்டது நல்லாத்தான் ஓடுது. அவனப் போயி நடுரோட்டுல நின்னுகினு அப்டித் திட்டினியாம்" என்றாள். குங்குமக் கறை பட்ட பனியனைத் துவைக்கப் போட்டபோது, "இது இன்னா ரத்தமா?" என்று கேட்டாள். துரு என்றேன்.

சிதைந்த கட்டை ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையில் தேடி வேறு இரண்டு வாங்கினேன். வளையத்தைக் கழற்றினேன். வண்டி அப்படியேதான் ஓடியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வளையத்தை டூல்ஸ் பையில் போட்டு வைத்தேன். வீசக்கூட மனசு வரவில்லை. கோபத்தை எங்கேயாவது வைக்க வேண்டுமே.

அடுத்த ஆயுத பூஜை. அவள் முறத்தை எடுத்துவந்து பையைக் கவிழ்த்தாள். ஸ்பேனர், ஜாக்கி ராடு, பிளேயர், அந்த வளையம். வளையத்தை எடுத்துத் துடைத்து, சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள்.

"பானெட்டத் தொறந்து வையேன். இஞ்சினுக்கும் ஒண்ணு வெக்கறேன்."

"வாணாம்."

"ஏன்?"

"வாணாம்னா வாணாம்."

"சாமி நாள்ல கூட இந்த மூஞ்சிதானா?" என்றாள்.

பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். சுற்றினேன். போட்டு உடைத்தேன். ஒரு துண்டு தெறித்து எதிர்வீட்டுச் சுவரில் போய் ஒட்டியது.